தொடாமல் வைத்த ரொட்டி

நெடுங்கேணி,
12.05.2023

அன்புத் தங்கச்சி ராஜினிக்கு அக்கா எழுதுவது,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் மகன் கிருபனும் சுகமாக இருக்கிறோம். நீயும் குகதாசனும் பிள்ளை கஜேந்தினியும் அந்தக் குளிர் நாட்டில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் முழங்காலும் சீனி வருத்தமும் பழையபடிதான். காதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சண்டையின் அந்தக் கடைசி மாதங்களில் செல் விழுந்து போன காது, இனித் திரும்பி வரப்போவதில்லை. நேரில் என்றால் உதட்டைப் பார்த்தே ஆட்களின் கதையை விளங்கிக்கொள்வேன். கிருபன் ரெலிபோனில் உன் முகத்தைக் காட்டும்போது நீ வாயை அசைக்கிறாய், நான் தலையை ஆட்டுகிறேன். அது ஒரு கதையா? எனக்குக் கடிதம்தான் சரி.

விசயம் இதுதான். கிருபனுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கிறதாம். பெயர் பிரேமிளா. இங்கே குடும்பநல மாதுவாக வேலை செய்கிறாள். கர்ப்பிணிகளின் வீடு வீடாக ஸ்கூட்டியில் ஓடித் திரிகிற பிள்ளை. உன் பெறாமகன் கமநல சேவை நிலையத்து வேலையை விட்டுவிட்டு அந்த ஸ்கூட்டிக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், எனக்கு இப்போதுதான் தெரியும். தகப்பன் கணபதி, தாய் பேச்சியம்மா. கிளிநொச்சி பாரதிபுரத்தில் இருக்கிறார்கள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். நல்ல ஆட்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு மேல் நான் என்ன எழுத.

நீ வரும்போது இரண்டு பகுதியும் சந்திக்க வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அவர்கள் வீட்டுக்குப் போனால் கை நனைக்க வேண்டும். இங்கே கூப்பிட்டால் நான் சமைத்துப் போட வேண்டும். எனக்கு மனம் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. அதனால் கிளிநொச்சியில் ஒரு கடையில் எல்லோருமாகச் சாப்பிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கடை என்றால் யாருடைய அடுப்பும் இல்லை, யாருக்கும் சங்கடமும் இல்லை.

திகதியை எழுது. குகதாசனுக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லு.

இப்படிக்கு,
அன்பு அக்கா அமராவதி


ஹேர்னிங், டென்மார்க்,
06.06.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு இங்கிருந்து பூச்சுமருந்து கொண்டு வருகிறேன். நாங்கள் மூவரும் நலம். இங்கே இப்போது வெயில்காலம், வெயில் என்றால் உங்கள் மார்கழி போல ஒரு வெயில்.

கிருபனின் செய்தியை வாசித்துவிட்டு இவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அக்கா, தயங்காதீர்கள். பிள்ளைகள் இரண்டும் உத்தியோகம் பார்க்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியும். எங்கிருந்து வந்தார்கள் என்பதை இனியும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். அத்தான் இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

நான் ஜூலை கடைசியில் தனியாக வருகிறேன். இவருக்கு விடுமுறை இல்லை. கஜேந்தினிக்கு நோர்வேயில் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அதனால் அவளும் வரவில்லை. அந்த விசயம் இப்போதைக்கு உங்களோடு இருக்கட்டும்.

அந்தக் கடையில் என்ன சமைப்பார்கள்? சோறு கறி இருக்குமா, அல்லது எல்லாம் கொத்துரொட்டியும் பிரைட் றைசும்தானா? சும்மா கேட்கிறேன். வயிறு முந்தி மாதிரி இல்லை, வயது போகிறதுதானே. உங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் நான்தான் குசினிக்குள் நிற்பேன், நீங்கள் கதிரையில் இருந்து கதை சொன்னால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ராஜினி


நெடுங்கேணி,
29.08.2023

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததைக் கிருபனின் ரெலிபோனில் பார்த்தேன். பயணக் களைப்புத் தீர்ந்திருக்கும். நீ வந்த புதிதில் மூன்று நாள் வயிற்றோட்டத்தில் படுத்துக் கிடந்தாயே, அது முழுதாகச் சுகமாகிவிட்டதா? தண்ணீர் மாறியதால் வந்தது என்றாய். இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நீ வளர்ந்தாய் என்று நான் திருப்பிச் சொல்லவில்லை.

நீ போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. கிளிநொச்சிக் கடையில் நடந்ததை நீயும் பார்த்தாய்தான். ஆனாலும் என் கண்ணுக்கு எப்படிப் பட்டது என்று எழுதுகிறேன்.

எல்லோரும் சாப்பிட்டோம். உன் சாப்பாட்டுக் கோப்பை மட்டும் வெறுமையாக இருந்தது. பரிமாறிய பெடியன் சோற்றோடு வந்தபோது கையால் மறித்தாய். மேசையில் தண்ணீர்ப் போத்தல் இருக்க, பையிலிருந்து உன்னுடைய போத்தலை எடுத்துக் குடித்தாய். அப்போதுதான் பேச்சியம்மா மடியிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்தா. தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். "கட சாப்பாடு எங்க போகுது, எப்பவும் சாப்பிடலாம். இது என் கையால சுட்டது. சித்தி வெளிநாட்டுல இருந்து வர்றாங்கன்னு தம்பி சொன்னிச்சு" என்று எனக்கும் ஒரு துண்டு தந்து, ஒரு ரொட்டியைப் பிய்த்து உன் கோப்பையில் வைத்தா. நீ இரண்டு விரலால் கோப்பையைத் தள்ளினாய். "எனக்கு இது பழக்கமில்லை" என்றாய்.

பேச்சியம்மாவின் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை, நீ போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். அவ ரொட்டியைத் திரும்ப எடுத்து அதே இலையில் சுற்றினா. கணபதி கை கழுவ எழும்பியவர் திரும்பி வந்து உட்காரவில்லை. பிரேமிளா தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நேற்று கிருபன் நாள் கேட்கப் போனான். "பாப்போம் தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவன் உன்னில் கடுங்கோபமாக இருக்கிறான். நீ செய்தது சரியோ பிழையோ என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவள் நீ, சின்னனிலிருந்தே அப்படித்தான்.

பூச்சுமருந்து நல்ல சுகம் தருகிறது.

அன்பு அக்கா,
அமராவதி


ஹேர்னிங்,
20.09.2023

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டன. வயோதிபர் இல்லத்தில் ஆள் குறைவு, எனக்கு இரண்டு பேரின் வேலை.

அன்றைக்கு நல்ல வெயில், எனக்குப் பசிக்கவில்லை. அதை இவ்வளவு தூரம் எடுப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மரியாதைக்குறைவாக எதையும் சொன்ன ஞாபகம் எனக்கு இல்லை. பழக்கமில்லை என்றுதானே சொன்னேன், பிடிக்கவில்லை என்று சொல்லவில்லையே.

கிருபன் என் அழைப்பை எடுக்கிறானில்லை. இப்போது என் இலக்கத்தையே தடுத்து வைத்திருக்கிறான். சித்திக்கு ஒன்றும் இல்லை, பிள்ளை மனதைக் குழப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இவர் உங்களைச் சுகம் கேட்டார். மழைக்கு முன் கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ராஜினி


நெடுங்கேணி,
15.10.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கூரை ஓடு மாற்றியாயிற்று.

கிருபன் திரும்பவும் பாரதிபுரம் போய் வந்தான். இந்த முறை கணபதி மனம் திறந்து பேசியிருக்கிறார். அவன் வந்து எனக்கு முன்னால் இருந்து, நான் உதட்டைப் பார்க்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். உனக்கும் அப்படியே எழுதச் சொன்னான், எழுதுகிறேன்.

"தம்பி, ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. நாங்க தோட்டத்துல இருந்து வந்தவங்க, ரொட்டி திங்கிற ஆளுங்கன்னு இந்த ஊருல பேசுனத எல்லாம் கேட்டுத்தான் பொழச்சோம். எங்க வீட்டுக்கு வந்தவங்க தண்ணி குடிக்காம போனதையும் பாத்திருக்கோம். அதுக்காகத்தான் கடையில வெச்சுக்கலாம்னு நீங்க சொன்னப்ப நானும் சரின்னேன். கடையிலயும் எங்க கை பட்டத தொடமாட்டாங்கன்னா, எங்க புள்ள ஒங்க வீட்டு அடுப்புல எப்படிச் சமைப்பா?"

பிரேமிளாவும் அவனிடம் ஒன்று சொன்னாளாம். தாய் அந்த ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளுக்கும் கொடுக்காமல் கோழிக்குப் போட்டாவாம். "அதப் பாத்த பிறகு நான் அம்மாகிட்ட போய் என்னன்னு கேக்கிறது" என்று கேட்டாளாம். அவள் கிளிநொச்சிக்கு இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கிறாள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அவரவர் மனம் அவரவருக்கு. நடப்பது நடக்கட்டும்.

அமராவதி


ஹேர்னிங்,
08.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சீலியாக் என்ற வருத்தம். இரண்டு வருடமாகிறது கண்டுபிடித்து. கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது. அது வயிற்றுக்குள் போனால் என் உடம்பே என் குடலைத் தின்னத் தொடங்கிவிடும். ஒரு துண்டு பாணோ ரொட்டியோ போதும். கோதுமை மா பட்ட கரண்டியால் சோற்றைப் போட்டாலும் போதும். மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பது ஒன்றுதான் வழி.

உங்கள் வீட்டில் நானே குசினிக்குள் நின்றது பாசத்தினால் மட்டும் இல்லை, அக்கா. நான் வந்த இரண்டாம் நாள் வவுனியாவில் தோசைக் கடைக்குப் போனோமே. அரிசியும் உளுந்தும்தானே என்று துணிந்து சாப்பிட்டேன். எங்கள் பக்கத்துத் தோசைக்கு அவித்த கோதுமை மா சேர்ப்போம் என்பதை, அம்மாவோடு இருந்து அரைத்த நானே மறந்துவிட்டேன். அதுதான் அந்த மூன்று நாள் படுக்கை, தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கடைச் சாப்பாட்டைப் பார்த்தாலும் பயம். கிளிநொச்சிக் கடையில் கறிகளுக்குச் சோயா சோஸ் விட்டிருந்தார்கள், அதிலும் கோதுமை இருக்கிறது. சோற்றுக் கரண்டியும் கொத்துக் கரண்டியும் ஒன்று. தண்ணீர்ப் போத்தலைக்கூட மாக் கையோடு வந்து வைத்தான் அந்தப் பெடியன். நாளை மறுநாள் விமானம் ஏற வேண்டும் என்ற நினைப்பு வேறு.

இங்கே கலியாண வீடுகளில் விரதம் என்று சொல்லி ஒப்பேற்றுவேன். வருடம் முழுக்க விரதம் பிடிக்கிற ஆள் என்று சனம் பகிடி பண்ணும். அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கிருபன், "சித்திக்குக் கொக்கிளாய்க் கணவாய்க் கறி எண்டால் உயிர், காலமையும் அதோடதான் சோறு" என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிச் சிரித்துவிட்டான். பிறகு வாயில் வந்தது அந்த ஒரு வசனம்தான். அது அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். இது பரம்பரையில் வருகிற வருத்தம். கஜேந்தினிக்கும் வரலாம் என்று நோர்வேக்காரர் பின்வாங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். என் பிள்ளையின் கலியாணத்தைக் காப்பாற்றப் போய் உங்கள் பிள்ளையின் கலியாணத்தில் கைவைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, அக்கா.

பாரதிபுரம் போங்கள். கணபதி அண்ணையிடமும் பேச்சியம்மா அக்காவிடமும் நேரில் சொல்லுங்கள். பிரேமிளா சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிற பிள்ளை, ஒரு சொல்லிலேயே விளங்கிக்கொள்வாள். கிருபனுக்கு மட்டும் இப்போது வேண்டாம், அவனுடைய சிநேகிதர்கள் நோர்வேயில், ஒஸ்லோவில் இருக்கிறார்கள். கணபதி அண்ணையின் நம்பரை அனுப்பினால் நானும் கதைக்கிறேன்.

தாமதிக்காதீர்கள்.

உங்கள்,
ராஜினி


நெடுங்கேணி,
17.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வருத்தத்தை அறிந்து மிகவும் கவலைப்பட்டேன். உடன்பிறந்தவளிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாய். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். இனிக் கவனமாக இரு.

இங்கே விடாத மழை. ஒட்டுசுட்டான் றோட்டில் தண்ணீர் பாய்கிறது. பாரதிபுரம் என்றால் மாங்குளத்தில் பஸ் மாற வேண்டும், இந்தக் காலோடு எப்படி? விதைத்த வயலும் தண்ணீருக்குள். வெள்ளம் வடிந்த பிறகு போகிறேன். நம்பர் கேட்டிருந்தாய். இப்படியான விசயத்தை ரெலிபோனில் சொல்வது அழகில்லை. மூத்தவள் நான் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. அதை என்னிடம் விடு.

கிருபன் வேலைக்குப் போய் வருகிறான். அதிகம் கதைப்பதில்லை.

அமராவதி


ஹேர்னிங்,
14.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு எழுதுகிறேன். உங்களுக்கும் கிருபனுக்கும் இந்தத் தை நல்லதைக் கொண்டுவர வேண்டும். நேர்த்தி வைத்ததற்கு நன்றி. எனக்காக நீங்கள் செய்ய வேண்டியது அது இல்லை, அக்கா.

இங்கே ஒன்று நடந்தது. கஜேந்தினி தானாகவே அந்த நோர்வேப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் சிரித்தார்களாம். அந்தப் பிள்ளையின் தமக்கைக்கும் இதே வருத்தமாம். "உங்கட அம்மா எங்கட வீட்டில பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று தாய் சொல்லி அனுப்பியிருக்கிறா. நான் இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததற்கு வந்த பதில் இவ்வளவுதான். சந்தோசப்பட வேண்டிய நான் குசினிக்குள் போய் அழுதேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. கிருபனுக்கும் சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள். வெள்ளம் வடிந்திருக்கும். போனீர்களா?

ராஜினி


நெடுங்கேணி,
10.03.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கஜேந்தினியின் விசயம் அறிந்து சந்தோசம். என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அறுவடை பரவாயில்லை. மாசியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போய் வந்தேன், சீனி கொஞ்சம் கூடியிருக்கிறதாம். கிளினிக் முடியவே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வேறு இடத்துக்குப் போக முடியவில்லை.

அவர்களுக்கும் மனம் ஆறட்டும் என்று பார்க்கிறேன். சூட்டோடு போய்ச் சொன்னால் சாட்டுச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். கிருபன் தன்பாட்டில் இருக்கிறான், கிளறினால் புண்தான் பெரிதாகும். நீ உன் உடம்பைப் பார். வெயில் தொடங்கிவிட்டது.

அமராவதி


பாரதிபுரம், கிளிநொச்சி,
26.05.2024

அன்புள்ள ராஜினி அம்மாவுக்கு பேச்சியம்மா எழுதிக்கிறது,

நாங்க எல்லாம் சொகம். ஒங்க ஒடம்பு இப்ப எப்படி இருக்கு? பாரதிபுரம் கணபதின்னு மட்டும் எழுதியிருந்தீங்க, தபால்காரருக்கு எங்கள தெரியும்கிறதால கடிதம் வந்து சேந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினாரு. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, தப்பு இருந்தா மன்னிக்கணும்.

ஒங்க கடிதம் வர்றதுக்கு முந்தின வாரம்தான் பிரேமிளாவுக்குக் கல்யாணம் முடிஞ்சுச்சு. செட்டிகுளத்துப் பையன், ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கிறாரு. நல்ல மாதிரி. புள்ள போகும்போது அழுதா. எல்லாப் புள்ளைகளும் அழத்தான் செய்யும்னு அவரு சொன்னாரு. எனக்குத் தெரியும் அது வேற அழுகைன்னு.

ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அம்மா. அரிசி மாவுல சுட்டுக் கொண்டாந்திருப்பேன். ஓரம் கொஞ்சம் வெடிக்கும், ருசி அப்படியேதான் இருக்கும். ஒங்கள கோவிக்க எனக்கு மனசு வரல. வருத்தக்காரங்கள போயி தப்பா நெனச்சிட்டமேன்னு அவருதான் மூணு நாளா சரியாச் சாப்பிடல.

மாசி மாசம் ஆஸ்பத்திரி கிளினிக்ல ஒங்க அக்காவப் பாத்தேன். பக்கத்து பெஞ்சுலதான் இருந்தாங்க. அப்ப பிரேமிளாவுக்கு இன்னும் எடம் ஒண்ணும் முடிவாகல. நானே போயி, "தங்கச்சிக்கு எங்க மேல ஏதும் மனக்கொறையா, அன்னிக்கு ஏன் சாப்பிடல"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க, என் கையப் புடிச்சாங்க, எழும்பிப் போயிட்டாங்க. காது கேக்காதுன்னு தம்பி சொல்லியிருக்கு. நான் கேட்டது வெளங்கல போல.

கிருபன் தம்பிக்கு நல்ல எடமா அமையணும்னு கும்புடுறோம். நீங்க இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க.

பேச்சியம்மா


ஹேர்னிங்,
15.06.2024

அக்கா,

பேச்சியம்மா அக்காவின் கடிதத்தைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். வாசியுங்கள்.

நானும் குற்றவாளிதான். நவம்பரிலேயே அவர்களுக்கு நேராக எழுதியிருக்கலாம். எழுதக் கூச்சமாக இருந்தது, நீங்கள் போவீர்கள் என்று உங்கள் தலையில் போட்டுவிட்டு இருந்தேன். அந்தக் கூச்சத்தை இனி நான் சாகும்வரை சுமக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் அந்தப் பெஞ்சில் இருந்திருக்கிறீர்கள். அவ கேட்டிருக்கிறா. ஏன், அக்கா?

கிருபனுக்கு நான் சொல்லப்போவதில்லை. நீங்களே சொல்லுங்கள்.

ராஜினி


நெடுங்கேணி,
02.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமா, குகதாசன் சுகமா, கஜேந்தினியின் கலியாண வேலைகள் எப்படி என்று கேட்டு எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்தது. பல முறை எழுதிக் கிழித்தேன்.

பேச்சியம்மா கேட்டது எனக்கு விளங்கவில்லை என்று நீ நினைத்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அது பொய். பக்கத்தில் இருந்து முகத்தைப் பார்த்துக் கேட்டா. ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கியது.

அன்றைக்குக் கடையில் நீ அந்தக் கோப்பையைத் தள்ளி வைத்தபோது என் மனம் குளிர்ந்தது, ராஜினி. மகனுக்காகத் தலையாட்டினேனே தவிர, தோட்டக்காட்டு ஆட்களோடு சம்பந்தமா என்று எனக்குள் ஒருத்தி முனகிக்கொண்டுதான் இருந்தாள். அந்த ரொட்டியை நானும் வாயில் வைத்துவிட்டு, சம்பலைக் கூட்டி விழுங்கினேன். நான் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டதை வெளிநாட்டிலிருந்து வந்த தங்கச்சி செய்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு உன் வருத்தத்தைப் பற்றிய கடிதம் வந்தது. நீ அந்த எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை. ஏமாற்றம். அதை எழுதும்போது கை கூசுகிறது. மழை, வயல், முழங்கால் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை இல்லாவிட்டாலும் நான் போயிருக்கமாட்டேன். பெஞ்சில் பேச்சியம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, சொல்லிவிட்டால் கலியாணம் சரிவந்துவிடுமே என்றுதான் எழும்பினேன். இவ்வளவு நல்ல மனிசி என்று அந்தக் கையைப் பிடித்த பிறகும் எழும்பினேன்.

ஆடி அமாவாசைக்கு உன் அத்தானுக்குப் படைத்த அன்று, கிருபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சியம்மாவின் கடிதத்தையும் கொடுத்தேன். சத்தம் போடுவான், கோப்பையை எறிவான் என்று எதிர்பார்த்தேன். "செட்டிகுளமா" என்று மட்டும் கேட்டான். கோப்பையில் இருந்ததை நாய்க்கு வைத்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. காலையில் சந்தியில் பாண், மத்தியானம் வேலை செய்யும் கந்தோருக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை, பின்னேரம் மீராசாகிபுவின் கடையில் கொத்து. மீராசாகிபு என்னைச் சந்தையில் கண்டு, "அக்கா, உங்களுக்குச் சுகமில்லையோ, தம்பி ஒவ்வொரு நாளும் எங்கட கடையில" என்று கேட்டார். ஓம், சுகமில்லை என்றேன்.

மற்றப்படி அவனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் மருந்தை வாங்கி வருகிறான், கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறான், தண்ணீர் அள்ளி வைக்கிறான். நேற்று கொக்கிளாய்க் கணவாய் வாங்கிச் சமைத்தேன். "ஒரு வாய் சாப்பிடு தம்பி" என்று கேட்டேன். முகத்தை எனக்கு நேரே திருப்பி, எனக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னான். "கடையில சாப்பிட்டிட்டன் அம்மா. வயிறு சரியில்லை."

உன் வருத்தம் இரத்த உறவில் வரும் என்று எழுதியிருந்தாய். சித்தியிடமிருந்து பெறாமகனுக்கு வருமா? என்ன சோதனை செய்ய வேண்டும் என்று எழுது. என் பிள்ளைக்கு அந்த வருத்தமாகவே இருக்க வேண்டும் என்று கோயிலில் நின்று கும்பிடுகிறேன், தங்கச்சி.

இப்படிக்கு,
அமராவதி